கொடியில் கிளி, கேடயத்தில் தவளை: டொமினிக்காவின் அரசும் சின்னங்களும்

பள்ளி ஆசிரியை ஒருவர் அனுப்பிய கேள்வி இது: "டொமினிக்காவும் டொமினிக்கன் குடியரசும் ஒன்றுதானா? அங்கே இன்னும் பிரிட்டிஷ் அரசர்தான் நாட்டுத் தலைவரா? கொடியில் ஏன் ஊதாக் கிளி இருக்கிறது, அரசுச் சின்னத்தில் ஏன் தவளை இருக்கிறது? வகுப்பில் பிள்ளைகள் கேட்கிறார்கள், கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்."

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இரண்டும் வேறு வேறு நாடுகள். டொமினிக்கன் குடியரசு ஹைட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய நாடு. மொழி ஸ்பானிஷ், மக்கள்தொகை ஒரு கோடிக்கு மேல். நீங்கள் கேட்கும் டொமினிக்கா அங்கிருந்து தென்கிழக்கே, வடக்கில் குவாதலூப், தெற்கில் மார்த்தினிக் என்ற இரண்டு பிரெஞ்சுத் தீவுகளுக்கு நடுவில் இருக்கிறது. பரப்பு சுமார் 750 சதுர கிலோமீட்டர், மக்கள் ஏறத்தாழ 70,000 பேர். பெயரைச் சொல்லும்போது நடுவில் வரும் 'நி'யை நீட்டி, டொமினீக்கா என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் முகம் மலரும். 2023 ஜூலையில் அஸ்வின் ஒரே டெஸ்டில் 12 விக்கெட் எடுத்தாரே, அந்த விண்ட்சர் பார்க் மைதானம் இந்த நாட்டின் தலைநகரான ரோசோவில்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லி ஆரம்பித்தால் நாடு சட்டென்று மனதில் நிற்கும்.

பெயர்க் குழப்பம் உலகம் முழுக்க உண்டு. கடிதங்கள் தவறாக அந்தப் பெரிய நாட்டுக்குப் போய்விடுவது பழைய கதை. அதனால்தான் இந்த நாடு தன் முழுப்பெயரை 'காமன்வெல்த் ஆஃப் டொமினிக்கா' என்று எழுதுகிறது. பெயரைக் கொடுத்தவர் கொலம்பஸ். 1493 நவம்பர் 3ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் கப்பலிலிருந்து இந்தத் தீவைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைக்கான லத்தீன் சொல்லையே பெயராக வைத்துவிட்டார். ஆனால் அங்கே ஏற்கெனவே வாழ்ந்த கலினாகோ மக்கள் தங்கள் தீவுக்கு 'வைட்டுகுபுலி' என்று பெயர் வைத்திருந்தார்கள். 'அவள் உடல் நெடியது' என்று அர்த்தம். கடலில் வரும்போது செங்குத்தாக எழுந்து நிற்கும் மலைகளைப் பார்த்தால் அந்தப் பெயரின் பொருத்தம் தெரியும். உச்சியான மோர்ன் டியாப்லோட்டின் 1,447 மீட்டர். இவ்வளவு சின்னத் தீவில் இவ்வளவு உயரமான மலை! இந்த மலைதான் இந்த நாட்டின் கதைக்கு ஆதாரம். கரும்புத் தோட்டம் பெரிதாகப் போட சமநிலம் கிடையாது என்பதால் காடு தப்பித்தது. காடு தப்பித்ததால் கிளியும் தவளையும் தப்பித்தன. ஐரோப்பியர்கள் முழுமையாகப் பிடிக்கத் தாமதமானதால் கலினாகோ மக்களும் இங்கே தப்பிப் பிழைத்தார்கள்.

சரி, இப்போது ஆட்சிக்கு வருவோம்.

பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் மாறி மாறிச் சண்டை போட்ட தீவு இது. 1763 பாரிஸ் ஒப்பந்தத்தில் பிரிட்டனுக்குப் போனது. 1778இல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பப் பிடித்து ஐந்து வருஷம் வைத்திருந்தார்கள். அதற்கப்புறம் பிரிட்டன்தான். அரசு மொழி ஆங்கிலம், ஆனால் வீட்டிலும் சந்தையிலும் பிரெஞ்சு வேரிலிருந்து வந்த கிரியோல் மொழி இன்றும் கேட்கும். 1967இல் உள்நாட்டு ஆட்சி உரிமை கிடைத்தது, 1978 நவம்பர் 3இல் முழு சுதந்திரம். தேதியைக் கவனியுங்கள்: கொலம்பஸ் பெயர் வைத்துப் போன அதே நவம்பர் 3, சரியாக 485 ஆண்டுகள் கழித்து.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. டொமினிக்காவுக்கு அரசர் கிடையாது. சுற்றியிருக்கிற அன்டிகுவா, செயின்ட் லூசியா, கிரெனடா, செயின்ட் வின்சென்ட், செயின்ட் கிட்ஸ் எல்லாம் விடுதலைக்குப் பிறகும் பிரிட்டிஷ் முடியையே தலைமையாக வைத்துக்கொண்டன. பார்படாஸ் 2021இல்தான் குடியரசானது. டொமினிக்கா முதல் நாளிலிருந்தே குடியரசு. இருந்தாலும் அங்குள்ளவர்கள் சட்டைப் பையில் பல ஆண்டுகளாக இருந்தது இரண்டாம் எலிசபெத் ராணியின் முகம் போட்ட நோட்டு. காரணம், நாணயம் அவர்களுடையது மட்டும் இல்லை. கிழக்குக் கரீபிய டாலர் என்பது எட்டு ஆட்சிப் பகுதிகளுக்குப் பொதுவான பணம். மத்திய வங்கி செயின்ட் கிட்ஸில் இருக்கிறது, 1976 முதல் ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்று மதிப்பைக் கட்டி வைத்திருக்கிறார்கள். நீதிமன்றமும் இப்படித்தான். மேல்நீதிமன்றம் பல தீவுகளுக்கும் பொதுவானது, தலைமையகம் செயின்ட் லூசியாவில். கடைசி மேல்முறையீடு முன்பு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 2015 முதல் டிரினிடாடில் இருக்கும் கரீபிய நீதிமன்றத்துக்குப் போகிறது. தனியாக நடத்தினால் செலவு தாங்காத அமைப்புகளை அக்கம்பக்கத்துத் தீவுகளோடு சேர்ந்து நடத்துவது மிக விவேகமான ஏற்பாடு என்பது என் கருத்து.

நாட்டுத் தலைவர் குடியரசுத் தலைவர், ஆட்சியை நடத்துபவர் பிரதமர். குடியரசுத் தலைவரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் கலந்து பேசி ஒரே பெயரைச் சொன்னால் வாக்கெடுப்பே தேவையில்லை. ஒத்துப்போகவில்லை என்றால் சபை ரகசிய வாக்கெடுப்பு நடத்தித் தேர்ந்தெடுக்கும். பதவிக் காலம் ஐந்து ஆண்டு, இரண்டு முறைக்கு மேல் கிடையாது. 2023 அக்டோபரில் பதவியேற்ற சில்வானி பர்ட்டன்தான் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண், முதல் கலினாகோவும் அவரே. தீவுக்கு முதன்முதலில் பெயர் வைத்த இனத்தைச் சேர்ந்த ஒருவர் அந்த நாட்டுக்குத் தலைவராக வர, கொலம்பஸ் பார்த்துப் போனதிலிருந்து 530 ஆண்டு ஆகியிருக்கிறது. எனக்கு அது சாதாரணச் செய்தியாகப் படவில்லை.

நாடாளுமன்றத்துக்கு ஒரே அவைதான். தொகுதிக்கு ஒருவராக மக்கள் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்கள் 21 பேர். அவர்களோடு அதே அவையில் 9 செனட்டர்களும் உட்காருவார்கள், ஐந்து பேரைப் பிரதமர் சொல்லி நியமிப்பார்கள், நான்கு பேரை எதிர்க்கட்சித் தலைவர் சொல்லி. செனட் என்றதும் தனி மேலவை என்று நினைத்துவிடக் கூடாது. 70,000 பேரை 21ஆல் வகுத்துப் பாருங்கள், ஒரு தொகுதிக்குச் சராசரியாக 3,300 பேர் அளவுதான். வாக்காளர்கள் இன்னும் குறைவு. சில தொகுதிகளில் சில நூறு வாக்குகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதே முடிவைத் தீர்மானித்துவிடும். தன் தொகுதி உறுப்பினரை நேரில் தெரியாத ஆள் அங்கே அரிது. இதில் நல்லதும் இருக்கிறது, சங்கடமும் இருக்கிறது. குறை சொல்ல நேராக வீட்டு வாசலுக்கே போகலாம். அதே சமயம் யார் எந்தக் கட்சி என்பது ஊருக்கே தெரியும்.

பிரதமர் பதவியின் வரலாறு கொஞ்சம் கனமானது. முதல் பிரதமர் பேட்ரிக் ஜான். சுதந்திரம் கிடைத்து ஏழு மாதம்கூட ஆகாத நிலையில், 1979 மே மாதத்தில், தொழிற்சங்கங்களையும் பத்திரிகைகளையும் கட்டுப்படுத்தும் சட்டங்களை எதிர்த்துக் கூடிய கூட்டத்தின் மீது பாதுகாப்புப் படை சுட்டது. அந்த அரசு கவிழ்ந்தது. இடைக்கால அரசு நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் ஆகஸ்ட் 29இல் டேவிட் புயல் அடித்தது. மக்களில் முக்கால்வாசிப் பேர் வீடு இழந்தார்கள். 1980 தேர்தலில் வென்றவர் யூஜீனியா சார்ல்ஸ். கரீபியத் தீவு நாடுகளிலேயே முதல் பெண் பிரதமர் அவர்தான், 1995 வரை பதவியில் இருந்தார். அவர் வென்ற அடுத்த வருஷமே, 1981 ஏப்ரலில், பழைய பிரதமரை மீண்டும் உட்கார வைப்பதற்காக அமெரிக்க, கனடியக் கூலிப்படையினர் ஒரு படகில் ஆயுதத்தோடு கிளம்பத் திட்டமிட்டார்கள். வெள்ளை இனவெறிக் குழுக்களைச் சேர்ந்தவர்கள் அவர்கள். நியூ ஆர்லியன்ஸில் கிளம்புவதற்கு முன்பே அமெரிக்கப் போலீஸ் பிடித்துவிட்டது. அதே ஆண்டு டொமினிக்கா தன் பாதுகாப்புப் படையைக் கலைத்தது. இன்று வரை அந்த நாட்டுக்கு ராணுவம் கிடையாது, போலீஸும் அதன் கடலோரக் காவல் பிரிவும்தான். பிள்ளைகளிடம் "ராணுவம் இல்லாத நாடுகள் எவை?" என்று கேட்டால் சேர்க்க வேண்டிய பெயர் இது.

2000ஆம் ஆண்டில் பிரதமரான ரோசி டக்ளஸ் அதே ஆண்டில் பதவியிலேயே இறந்தார். அவருக்குப் பின் வந்த பியர் சார்ல்ஸும் 2004 ஜனவரியில் பதவியிலேயே இறந்தார். அப்போது 31 வயதான ரூஸ்வெல்ட் ஸ்கெரிட் பிரதமரானார். அன்றிலிருந்து தொடர்ந்து தேர்தல்களை வென்று வருகிறார். 2022 டிசம்பரில் நடந்த தேர்தலை முக்கிய எதிர்க்கட்சிகள் புறக்கணித்தன. ஆளும் தொழிலாளர் கட்சிக்கு 19 இடம், சுயேச்சைகளுக்கு 2. எதிர்க்கட்சியினரின் முக்கியக் கோரிக்கை, தேர்தல் முறையைத் திருத்த வேண்டும், வாக்காளர் பட்டியலைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது. வெளிநாட்டில் குடியேறிய பிள்ளைகள் அதிகம் உள்ள நாட்டில் பட்டியலில் யார் இருக்கலாம் என்பது பெரிய விவகாரம்.

கலினாகோ மக்களுக்கென்று தனி ஆட்சி அமைப்பு ஒன்றும் உண்டு. கிழக்குக் கரையில் 1903இல் பிரிட்டிஷ் நிர்வாகி ஹெஸ்கெத் பெல் ஒதுக்கிய 3,700 ஏக்கர் நிலம் அவர்களுடைய பிரதேசம். சுமார் 3,000 பேர் வாழ்கிறார்கள். நிலம் எல்லாருக்கும் பொது. தனி ஆள் விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தங்கள் தலைவரையும் சபையையும் அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 1930இல் போலீஸ் கடத்தல் பொருள் தேடிப் புகுந்தபோது மோதல் ஏற்பட்டு இரண்டு கலினாகோக்கள் உயிரிழந்தார்கள். அதைச் சாக்காக வைத்துத் தலைவர் பதவியையே ரத்து செய்தது காலனி அரசு. 1952இல்தான் திரும்பக் கிடைத்தது. ஐரோப்பியர்கள் வைத்த 'கரீப்' என்ற பெயரும் 2015இல் சட்டத்திலிருந்து நீங்கி, கலினாகோ என்ற அவர்கள் சொந்தப் பெயர் வந்தது.

இனி சின்னங்கள். உங்கள் பிள்ளைகள் கேட்டது இதைத்தான், எனக்கும் சொல்ல ஆசையான பகுதி இதுதான்.

கொடியை வரைந்தவர் ஆல்வின் புல்லி என்ற நாடகக் கலைஞர், 1978இல். பச்சைத் துணி, அதன் மேல் மூன்று நிறப் பட்டைகளால் ஆன சிலுவை, நடுவில் சிவப்பு வட்டம், வட்டத்துக்குள் கிளையில் நிற்கும் கிளி, அதைச் சுற்றிப் பத்துப் பச்சை நட்சத்திரங்கள். பச்சை காட்டுக்கு. மஞ்சள் வெயிலுக்கும், வாழை எலுமிச்சை விளைச்சலுக்கும், ஆதிக்குடிகளுக்கும். கறுப்பு எரிமலை மண்ணுக்கும் ஆப்பிரிக்க வேருக்கும். வெள்ளை ஆறுகளுக்கும் அருவிகளுக்கும். அந்தத் தீவில் 365 ஆறுகள், நாளுக்கு ஒன்று என்று பெருமையாகச் சொல்வார்கள். மூன்று பட்டைகள் சேர்ந்த சிலுவை கிறிஸ்தவத் திரித்துவத்தைக் குறிக்கிறது. சிவப்பு சமூக நீதிக்கு. பத்து நட்சத்திரங்கள் பத்துப் பாரிஷ்களுக்கு, எல்லாமே புனிதர்களின் பெயரில்: ஆண்ட்ரூ, டேவிட், ஜார்ஜ், ஜான், ஜோசப், லூக், மார்க், பேட்ரிக், பால், பீட்டர். பாரிஷ் என்பது வரைபடப் பிரிவு மாதிரிதான். உள்ளாட்சி வேலையைப் பார்ப்பவை நகர சபைகளும் கிராம சபைகளும்.

அந்தக் கிளிக்கு அங்கே பெயர் சிசரூ. உலகில் டொமினிக்காவைத் தவிர வேறு எந்தக் காட்டிலும் கிடையாது. 'அமேசான் கிளிகள்' என்று சொல்லப்படும் கிளி வகையின் இனங்களிலேயே மிகப் பெரியது, தலையிலிருந்து வால் நுனி வரை கிட்டத்தட்ட அரை மீட்டர். முதுகு பச்சை, நெஞ்சும் வயிறும் ஆழ்ந்த ஊதா. தேசியக் கொடியில் ஊதா நிறம் வருவது உலகத்தில் மிக அபூர்வம். டொமினிக்காவில் அது வந்ததற்குக் காரணம் அந்தப் பறவையின் நெஞ்சு அந்த நிறம் என்பதுதான். வேறு ஒரு தத்துவமும் தேட வேண்டியதில்லை.

சிசரூ மலையின் மேல்பகுதியில் வாழும், கூட்டமாகத் திரியாது. பெரும்பாலும் ஜோடியாகத்தான் பார்க்க முடியும். மிக உயர்ந்த மரங்களின் பொந்தில் முட்டையிடும், அதுவும் எல்லா வருஷமும் இல்லை. அதே காட்டில் ஜாக்கோ என்ற இன்னொரு கிளியும் இருக்கிறது, கழுத்தில் சிவப்புத் திட்டு, தாழ்வான இடங்களிலும் வரும், தோட்டத்துப் பழத்தையும் கொத்தும். ஜாக்கோ எப்படியாவது பிழைத்துக்கொள்ளும். சிசரூ அப்படி இல்லை. பெரிய மரம் வேண்டும், அமைதி வேண்டும். 1979 டேவிட் புயலில் தெற்கு மலைக் காடு முறிந்தபோது அந்தப் பக்கத்துச் சிசரூக்கள் கிட்டத்தட்டத் துடைத்தெடுக்கப்பட்டன. மிஞ்சியவை வடக்கே மோர்ன் டியாப்லோட்டின் சரிவில். அந்தக் காட்டைக் காப்பாற்ற 2000ஆம் ஆண்டில் தேசியப் பூங்கா அமைத்தார்கள். மெல்ல மெல்ல எண்ணிக்கை ஏறியது.

அப்புறம் 2017 செப்டம்பர் 18 இரவு மரியா புயல், ஐந்தாம் வகை வேகத்தில், நேராகத் தீவின் மேலேயே ஏறியது. பிரதமர் வீட்டுக் கூரையும் அன்றிரவு பறந்தது. விடிந்தபோது மலை முழுக்கப் பழுப்பு நிறம். ஒரு இலை மிச்சமில்லை. நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் சேதம். கொடியில் பச்சை இருக்கிறது, மலையில் பச்சை இல்லை. பழம் கிடைக்காமல் ஜாக்கோக்கள் ஊருக்குள் இறங்கின. சிசரூவின் குரல் பல மாதங்கள் கேட்கவில்லை. பிறகு ஒன்றிரண்டு கண்ணில் பட்டன என்ற செய்தி வந்தபோது அது பறவை ஆர்வலர்களுக்கு மட்டுமான செய்தியாக இல்லை. 2018இல் இரண்டு சிசரூக்களும் சில ஜாக்கோக்களும் பாதுகாப்புக்காக என்று ஜெர்மனிக்கு விமானத்தில் கொண்டுபோகப்பட்டன. நாட்டின் கொடியில் இருக்கும் பறவை எப்படி வெளிநாட்டுக்குப் போகலாம் என்று பெரும் சர்ச்சை கிளம்பியது. சர்ச்சை கிளம்பியது நியாயம் என்றே நினைக்கிறேன்.

இப்போது தவளை. அரசுச் சின்னம் கொடியைவிடப் பழையது, 1961 ஜூலை 21இல் ஏற்கப்பட்டது. நடுவில் நான்கு கட்டக் கேடயம். கறுப்பு எரிமலை மண்ணில் நிற்கும் தென்னை ஒரு கட்டத்தில், குலை தள்ளிய வாழை ஒரு கட்டத்தில், கலினாகோ படகு ஒன்றில், தவளை ஒன்றில். இரண்டு பக்கமும் சிசரூக் கிளிகள் கேடயத்தைப் பிடித்து நிற்கின்றன. மேலே பாறை மேல் ஒரு தங்கச் சிங்கம். சிங்கம் மட்டும்தான் அங்கே வெளியூர்க்காரர், ஐரோப்பியச் சின்ன மரபிலிருந்து வந்தது. மற்ற அத்தனையும் அந்த மண்ணில் முளைத்தவை அல்லது நடமாடியவை. கீழே கிரியோல் மொழியில் ஒரு வாசகம்: 'ஆப்ரே போன்டியே, சே லா டெர்'. கடவுளுக்கு அடுத்து இந்த மண் என்று பொருள். ஆங்கிலத்திலோ லத்தீனிலோ எழுதாமல் சந்தையில் பேசும் மொழியில் எழுதியது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

படகைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கலினாகோ படகு, பலகை அடித்துச் சேர்த்தது இல்லை. கோமியே என்ற பெரிய மரத்தை வெட்டி, நடுவைக் குடைந்து எடுப்பார்கள். அப்புறம் உள்ளே கல்லும் தண்ணீரும் நிரப்பி விடுவார்கள். அந்தப் பாரத்தில் ஊறி ஊறிப் பக்கங்கள் மெல்ல விரிந்து படகு அகலமாகும். வெள்ளைப் பிசின் வடியும் அதே கோமியே போன்ற நெடுமரங்களின் பொந்துகளில்தான் சிசரூ கூடு வைக்கும். கேடயத்தில் ஒரு கட்டத்தில் இருக்கிற படகும், கேடயத்தைப் பிடித்து நிற்கிற கிளியும் ஒரே காட்டு மரத்தை நம்பியிருப்பவை.

தவளைக்குக் கிரியோலில் 'க்ராபோ'. ஆங்கிலத்தில் பேச்சுவழக்கில் மலைக்கோழி என்றுதான் சொல்வார்கள், அதன் பின்னங்கால் இறைச்சி கோழி மாதிரி இருக்கும் என்பதால். உள்ளங்கையை மறைக்கும் அளவு பெரிய தவளை, எடை ஒரு கிலோவை நெருங்கக்கூடியது. இது குளத்தில் முட்டையிடாது. மண்ணில் ஒரு வளை. அதற்குள் நுரையால் கூடு. அந்த நுரையில் தலைப்பிரட்டைகள் வளரும். தாய் அங்கேயே இருந்து, கருவுறாத முட்டைகளை இட்டுக் குஞ்சுகளுக்கு உணவாகக் கொடுக்கும். அப்பா வளையைக் காக்கும். தவளைகளில் இப்படிப் பிள்ளை வளர்ப்பது அரிது.

ஒரு காலத்தில் இதுதான் டொமினிக்காவின் தேசிய உணவு. விருந்தாளி வந்தால், உணவகத்தில் கொண்டாட்டம் என்றால், மலைக்கோழி. 2002இல் ஒரு தோல் பூஞ்சை நோய் தீவுக்குள் நுழைந்தது. சுமார் ஒன்றரை ஆண்டுக்குள் தவளைகளில் பெரும்பகுதி அழிந்தது. வேட்டையாடுவதைத் தடை செய்தார்கள். முன்பு பக்கத்திலுள்ள மான்ட்செராட் தீவின் காட்டிலும் வாழ்ந்த இந்த இனத்தை, 2023இல் டொமினிக்காவில் தேடியபோது 21தான் கண்ணில் பட்டன. நோய் தாங்கிப் பிழைத்த அந்தச் சிலவற்றை நம்பித்தான் ஆய்வாளர்கள் வேலை செய்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், அந்த நாட்டுப் பாஸ்போர்ட் ஒவ்வொன்றின் அட்டையிலும் அந்தத் தவளை இருக்கிறது. 1993 முதல் முதலீடு செய்பவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் திட்டமும் அங்கே நடக்கிறது. அரசின் வருமானத்தில் அதற்குப் பெரிய பங்கு. 2023இல் பிரிட்டன் டொமினிக்கா மக்களுக்கு விசா கட்டாயமாக்கியதும் அந்தத் திட்டத்தைக் காரணம் காட்டித்தான். அச்சிட்ட தவளைகள் உலகம் சுற்றுகின்றன. காட்டில் உயிருள்ளவற்றை விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கிறது.

தேசிய உணவை 2013இல் மாற்றினார்கள். புதிய தேசிய உணவு கலாலூ. சேப்பங்கிழங்கின் இளம் இலையைத் தேங்காய்ப் பாலில் குழைய வேகவைத்த கெட்டியான சூப், நண்டும் சேர்ப்பதுண்டு. ஒரு நாடு தன் சின்னத்தைக் காப்பாற்றத் தன் தட்டை மாற்றிக்கொண்டது. எனக்குத் தெரிந்து இப்படி நடந்த இடங்கள் அதிகம் இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேசிய மலர் புவா குவாய்ப், அதாவது கரீப் மரம். மேற்குக் கரையின் வறண்ட சரிவில் வளரும், கோடையில் இலையெல்லாம் உதிர்ந்த பிறகு செக்கச்செவேல் என்று பூக்கும். இதுவும் அந்தத் தீவுக்கே உரியது. தேசிய கீதம் 'அழகின் தீவு, ஒளியின் தீவு' என்று தொடங்கும் பொருளுடையது. வரிகள் வில்ஃபிரட் பாண்ட், இசை லெமுவல் கிறிஸ்டியன். 1967இல் ஏற்கப்பட்டு, விடுதலைக்குப் பிறகும் அதுவே தொடர்கிறது. உயர்ந்த தேசிய விருது டொமினிக்கா கௌரவ விருது. 2021 பிப்ரவரியில் இந்தியா 70,000 டோஸ் கொரோனா தடுப்பூசி அனுப்பியதற்காக 2024 நவம்பரில் பிரதமர் மோடிக்கு இதைக் கொடுத்தார்கள். அதற்கு அடுத்த விருதின் பெயரே சிசரூ விருது.

உடையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது, அதில் நம் ஊர்ப் பெயர் இருக்கிறது. பெண்களின் தேசிய உடை 'வோப் ட்வியெட்'. சரிகை வைத்த வெள்ளை உள்பாவாடை, அதன் மேல் நீண்ட வண்ண அங்கி, தோளில் முக்கோணத் துண்டு, தலையில் கட்டம் போட்ட துணிக் கட்டு. அந்தக் கட்டம் போட்ட துணிக்குக் கிரியோலில் பெயர் 'மட்ராஸ்'. சென்னைப் பட்டினத்துத் துறைமுகத்திலிருந்து ஆங்கில, பிரெஞ்சு வணிகர்கள் ஏற்றிப்போன கைத்தறிப் பருத்தித் துணிதான் அது. அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கப் பெண்களும் விடுதலை பெற்ற பெண்களும் அந்தத் துணியைத் தலையில் கட்டிக் கட்டித் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். முடிச்சின் நுனி எத்தனை என்பதற்கும் அர்த்தம் சொல்வார்கள்: ஒரு நுனி என்றால் மனதில் யாரும் இல்லை, இரண்டு என்றால் நிச்சயமாகிவிட்டது, மூன்று என்றால் திருமணமானவள். பக்கத்துத் தீவுகளான குவாதலூப், மார்த்தினிக்குக்கு 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழ்க் கூலித் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள் என்பது வேறு கதை. துணி அவர்களுக்கு முன்பே போய்விட்டது. அக்டோபர் மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை கிரியோல் நாள். அன்றைக்கு வங்கி ஊழியர், ஆசிரியர், பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் மட்ராஸ் கட்டத்தில்தான் வேலைக்கும் பள்ளிக்கும் வருவார்கள்.

கடைசியாக உங்களுக்கு ஒரு உதவிக் குறிப்பு. பிள்ளைகள் கொடியை வரையும்போது பழைய படத்தைப் பார்த்து வரைந்துவிட வாய்ப்பு உண்டு. 1978இல் வந்த கொடியில் பட்டைகள் மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்ற வரிசையில் இருந்தன. 1981இல் அது மஞ்சள், கறுப்பு, வெள்ளை என்று மாறியது. கிளியும் முதலில் கொடி பறக்கும் பக்கம் பார்த்து நின்றது. 1988இல் கம்பத்தைப் பார்க்கும்படி திருப்பினார்கள், 1990இல் இன்னும் சில நுணுக்கமான திருத்தங்கள். அதனால் இடதிலிருந்து வலம், மேலிருந்து கீழ், இரண்டிலும் மஞ்சள், கறுப்பு, வெள்ளை. கிளியின் அலகு கம்பத்தின் பக்கம். நெஞ்சுக்கு ஊதா கிரேயான் எடுக்கச் சொல்லுங்கள், நீலம் இல்லை.